மனாஸ்லுவில் எங்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

நேபாளத்தில் 8,163 மீட்டர் உயர மனாஸ்லு மலையின் உச்சிக்கு எங்கள் குழுவில் ஐந்து பேர் போய்த் திரும்பிவிட்டோம். ஆறாமவர் மூன்றாம் முகாமோடு இறங்கினார், அவரும் நலம். ஊர் திரும்பியதிலிருந்து வாழ்த்துகள் குவிகின்றன. அவற்றில் பெரும்பங்கு யாருக்குச் சேர வேண்டுமோ, அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனாலும் எங்கள் வீட்டாருக்கு அவர்களைத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதல் நன்றி சாமகாவ்ன் ஊராருக்கு. கிட்டத்தட்ட 3,500 மீட்டரில் இருக்கும் அந்த ஊரிலிருந்து 4,800 மீட்டர் அடிவார முகாம் வரை எங்கள் கூடாரம், அரிசி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் சுமந்தது அவர்கள்தான். பெண்களும் நிறையப் பேர். நெற்றிப் பட்டையில் பாரத்தை மாட்டிக்கொண்டு, மழைச் சேற்றில் எங்களை முந்திப் போனார்கள்.

அவர்களுக்கு அந்த மலை தெய்வம். 1953இல் ஜப்பானியர் ஏற முயன்ற பிறகு பனிச்சரிவு விழுந்து மடாலயம் இடிந்து, உயிர்களும் போயின. தெய்வக் குற்றம் என்று நம்பிய ஊரார், 1954இல் வந்த அடுத்த குழுவை மறித்தார்கள். 1956 மே 9 அன்றுதான் இன்னொரு ஜப்பானியக் குழுவின் தோஷியோ இமானிஷியும் கியால்சன் நோர்புவும் முதன்முதலாக உச்சியை அடைந்தார்கள். அப்படிப்பட்ட மலையில் எங்களுக்காக லாமா வந்து பூஜை செய்தார். எங்கள் பனிக்கோடரிகளையும் காலணி முள்களையும் கல்மேடையில் சாய்த்து வைத்து, அவற்றுக்கும் ஆசி வாங்கித் தந்தார்கள். அந்தப் புகை வாசம் என் ஜாக்கெட்டில் இன்னும் இருக்கிறது.

முதல் முகாமுக்கும் இரண்டாம் முகாமுக்கும் இடையே பனிப்பிளவுகள் வாய் திறந்து கிடக்கும். அங்கே ஏணி போட்டு, உச்சிவரை கயிறு கட்டியவர்கள் எங்களுக்கு முன்னால் போனவர்கள். பாதி முகங்களை நாங்கள் பார்த்ததுகூட இல்லை. அந்தக் கயிற்றைப் பிடித்த ஒவ்வொரு முறையும் உங்களை நினைத்தோம்.

நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று அழைப்பார்கள். எழுதினால் நம் தாய்தான். எனக்கு வழித்துணையாக ஏறிய ஷெர்பா அண்ணனை நாற்பது நாளும் அப்படித்தான் கூப்பிட்டேன். நாலாம் முகாமுக்கு மேலே, இருட்டில், என் ஆக்சிஜன் முகமூடியின் வால்வு உறைந்துவிட்டது. மூச்சு முட்டியது. அவர் பேசவே இல்லை. வெளிக் கையுறையைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார். முகமூடியை வாங்கித் தம் ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்து அழுத்தினார். பிறகு விரல் நகத்தால் பனியைச் சுரண்டி எடுத்து, என் முகத்தில் மாட்டி, பட்டையை இறுக்கி, என் கண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தக் குளிரில் வெறும் உள்கையுறையோடு அந்தக் கை இருந்ததை என்னால் மறக்க முடியாது. தாய், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

இருமல் முற்றிய எங்கள் நண்பரை மூன்றாம் முகாமிலிருந்து இறக்கிய ஷெர்பா தம்பிக்கு இன்னொரு நன்றி. உச்சி தொட்டால் தனி ஊக்கத்தொகை உண்டு. அதைப் பற்றி யோசிக்காமல், கேட்கும் முன்பே அவர் தம் பையைக் கட்டிவிட்டார். அந்தத் தொகையை அவருக்குக் குறைவில்லாமல் கொடுத்தோம். அது அவருடைய உரிமை.

நாங்கள் எத்தனை மணிக்கு இறங்கினாலும் சூடான எலுமிச்சைச் சாற்றோடு காத்திருந்த சமையல் கூடாரத் தம்பிகளே, நீங்கள் கேட்ட புகைப்படங்களை அச்சிட்டுக் காத்மாண்டுவுக்கு அனுப்பிவிட்டோம். தசைன் பண்டிகைக்கு நீங்கள் வீட்டுக்குக் கிளம்பும் முன் கைக்கு வந்து சேரும்.

அன்புடன்,
மனாஸ்லு குழுவினர் சார்பில்