பில்லில் யாரும் படிக்காத வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எரிசக்திக் கணக்காய்வு, அதாவது கரண்டு எங்கே வீணாகிறது என்று ஆள் வைத்துப் பார்ப்பது, என்றாலே அது பெரிய கம்பெனிகள் பாடு என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் மலேசியாவில் நடப்புக்கு வந்திருக்கும் சட்டமும் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், கரண்டுக் கணக்கில் 60 லட்சம் யூனிட், செலவழிக்கும் பெரும் பயனீட்டாளர்களைத்தான் அது கணக்காய்வு செய்யச் சொல்கிறது. நான் கணக்குக் கிராணியாக (குமாஸ்தாவாக) இருக்கும் ரப்பர் மரப் பலகைத் தொழிற்சாலை 8 லட்சத்தைக்கூடத் தொடாது. ஆனாலும் 2023இல் எங்களிடம் ஒரு கணக்காய்வாளர் வந்து பார்த்தார். (கட்டண முறை 2025 ஜூலையில் மாறிவிட்டது. நான் சொல்வதெல்லாம் அதற்கு முந்திய விலை.)

22 வருஷமாக லைட் பில்லைக் கட்டுவது என் வேலை. மொத்தத் தொகையைப் பார்ப்பேன், வவுச்சர் எழுதுவேன், ஃபைலில் போடுவேன். "ஏன் தவுக்கே இவ்வளவு வருகிறது?" என்று முதலாளியைக் கேட்டால், "பாயார் சாஜா" என்பார். கட்டிவிடு, அவ்வளவுதான். மாதம் 30,000 வெள்ளி (ரிங்கிட்) வாக்கில் வரும்.

வந்தவர் முதலில் இயந்திரங்கள் பக்கமே போகவில்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பழைய பில்களைக் கேட்டார். பத்து நிமிஷம் இருக்கும். பில்லின் நடுவில் ஒரு வரியைப் பேனா முனையால் தொட்டு, "இது என்னம்மா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பவர் ஃபேக்டருக்கான கூடுதல் கட்டணமாம். இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் போகிறது என்பதற்கான அளவு அது. அந்த அளவு 0.85க்குக் கீழே இறங்கினால், இறங்கும் ஒவ்வொரு 0.01க்கும் பில்லில் 1.5 விழுக்காடு ஏறும். 0.75க்கும் கீழே போனால் அது 3 விழுக்காடு. எங்களுடையது 0.79. ஆறு புள்ளி, 9 விழுக்காடு, மாதம் 2,700 வெள்ளி. ஃபைலைப் பின்னோக்கிப் புரட்டினோம். 14 மாதமாக வந்துகொண்டிருந்தது. எல்லா வவுச்சரிலும் என் கையெழுத்து.

காரணம் சுவிட்ச் ரூமில் இருந்தது. மோட்டார்கள் வேலைக்கென்று இழுக்கும் மின்சாரம் ஒன்று, காந்தம் உண்டாக்க இழுத்துத் திருப்பித் தள்ளுவது இன்னொன்று. இரண்டாவதை கெப்பாசிட்டர்கள் உள்ளேயே சமாளிக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் நான்கில் மூன்று வயிறு உப்பிச் செத்துக் கிடந்தன. மாற்ற 9,000 வெள்ளி ஆனது. நான்காவது மாதத்தில் அந்தப் பணம் திரும்பிவிட்டது. அந்தப் பெட்டியின் கதவில் பச்சை விளக்கு மட்டும் 14 மாதமும் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது!

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். இயந்திரம் எதுவும் ஓடவில்லை. 37 கிலோவாட் கம்ப்ரசரை மட்டும் போட்டார். என்னைக் கைத்தொலைபேசியில் நேரம் பார்க்கச் சொன்னார். ஒருவரும் காற்றைப் பயன்படுத்தாத அந்தப் பத்து நிமிஷத்தில் நான்கு நிமிஷம் கம்ப்ரசர் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. அத்தனையும் எங்கோ ஓட்டை வழியே போகிறது. மற்ற நாளில் ரம்பச் சத்தத்தில் கேட்காத "உஸ்" அன்று கூரை வரை கேட்டது. எங்கள் சார்ஜ்மேன் (மின்சாரப் பொறுப்பாளர்) சோப்புத் தண்ணீரும் பெயிண்ட் பிரஷுமாக ஏணியில் ஏறி இறங்கினார். நுரை கிளம்பிய இடத்திலெல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டினோம். 23 ரிப்பன்.

கவரின் பின்பக்கம் நான் போட்ட கணக்கு: 37இல் நாற்பது விழுக்காடு, ஏறக்குறைய 15 கிலோவாட். கம்ப்ரசர் இரவும் பகலும் ஓடும். மாதம் 10,800 யூனிட். யூனிட் 33.7 காசு. 3,639 வெள்ளி 60 காசு. அவர் சிரித்தார். "முழுசாகக் கிடைக்காதம்மா, சும்மா சுற்றும்போதும் அது கொஞ்சம் கரண்டு தின்னும்" என்றார். இரவில் பலகை காய வைக்கும் அறையின் வால்வுகளுக்கு மட்டுமே காற்று வேண்டும். அதற்குப் பழைய சின்ன கம்ப்ரசர் ஒன்றை வாங்கிப் போட்டோம்.

மூன்றாவது விஷயம் செலவே இல்லாதது. பில்லில் யூனிட்டுக்கு ஒரு விலை, மாதத்தில் ஏதாவது ஓர் அரை மணி நேரத்தில் ஏறிய உச்சத்துக்குத் தனி விலை. அப்போது கிலோவாட்டுக்கு 29 வெள்ளி 60 காசு. கழிவு மரத்தை நசுக்கும் இயந்திரத்தை வாரம் இருமுறை காலை பத்து மணிக்கு, எல்லாம் ஓடும்போதே போடுவோம். அதைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளினோம். உச்சம் 60 கிலோவாட் குறைந்தது. மாதம் 1,776 வெள்ளி. இப்போது நேரவாரிக் கட்டணத்தில் வார நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். ஆகவே பழையபடி காலைக்கே போகலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கணக்காய்வுக்கு அவர் வாங்கியது 12,000 வெள்ளி. தவுக்கே அதற்கு மூன்று வாரம் யோசித்தார். 14 மாத அபராதம் 37,800 வெள்ளி, அதற்கு ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத மாட்டேன். வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் புதிய கம்ப்ரசர் வாங்கச் சொன்னதைத் தவுக்கே கேட்கவில்லை. அது வேறு கதை. ஆனால் ஓட்டைகளை அடைத்த எட்டாவது மாதமே பாதி திரும்பி வந்துவிட்டன. ரப்பர் குழாய் காயும், கிளிப் தளரும். பார்க்க ஓர் ஆள் என்று வைக்கவில்லை. இன்னொன்று, "இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்று சோலார் தகடும் விளக்கும் விற்கிறவர்களும் வருகிறார்கள். சரக்கு விற்கிறவரே கணக்கும் பார்த்தால் முடிவு என்னவாக இருக்கும் என்று ஒரு கிராணிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

என் அப்பா தோட்டத்தில் பால் வெட்டியவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஜெனரேட்டர் கரண்டு இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குள் பாடம், சமையல், இஸ்திரி எல்லாம். 25 வயதாகிப் பால் வற்றிய அதே மாதிரி ரப்பர் மரங்கள்தான் இன்று லோரியில் எங்கள் தொழிற்சாலைக்கு வருகின்றன. அவற்றை அறுக்கும் கரண்டைத்தான் 23 ஓட்டை வழியே விட்டுக்கொண்டிருந்தோம்.

மர ஆலை, ஐஸ் கம்பெனி, மாவு மில் வைத்திருக்கும் நம்மவர்கள் பில்லைக் கிராணியிடம் கொடுக்குமுன் பவர் ஃபேக்டர் வரியை ஒருமுறை பாருங்கள். எண் 0.85க்குக் கீழே இருந்தால் கணக்காய்வாளரைக் கூப்பிடும் முன்பே சார்ஜ்மேனைக் கூப்பிடலாம்.

வரும் ஞாயிறு மறுபடியும் ஓட்டை எண்ணப் போகிறோம். பழைய ரிப்பன் சுருள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பெயரைப் போட வேண்டாம். தவுக்கேவுக்குத் தமிழ் தெரியாது, சூப்பர்வைசருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு கணக்குக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.