“முகாமும் நடைபெற்றது” என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடந்த விழாவைப் பற்றி, திங்கட்கிழமை தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்திருந்தது. அதன் கடைசி இரண்டு வரிகள் இவை: “கோடை விடுமுறையை இசை, விருந்து எனக் குடும்பத்துடன் குதூகலமாகக் கழித்தனர். ரத்ததான முகாமும் நடைபெற்றது.”

நான் முப்பத்தோரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். ‘உம்’ என்று முடியும் உம்மை எட்டு வகை என்று எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ‘முகாமும்’ என்றால் வேறு ஏதோ பெரிதாக நடந்தது, இது அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்று பொருள். எங்கள் தெருவில் நடந்தது நேர்மாறு. முகாமுக்கு ஆள் வர வேண்டும் என்றுதான் நாதஸ்வரம் வைத்தோம். ரத்தம் கொடுத்தவர்கள் பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை பந்தி போட்டோம்.

மே மாதத்தில் எதற்கு இந்த முகாம் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருடம் முழுக்கக் கொடுப்பது கல்லூரிப் பிள்ளைகள்தான். தேர்வும் விடுமுறையும் வந்துவிட்டால் அவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். ரத்தம் சேர்த்துவைத்துக்கொள்ளும் பொருளா? சிவப்பணுக்கள் அதிகம் போனால் 42 நாள் தாங்கும். தட்டணுக்கள் 5 நாள்தான். மார்ச்சில் கொடுத்தது மே கடைசியில் யாருக்கும் உதவாது.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. 2009இல் என் மகளுக்குப் பிரசவம் ஆனதும் உதிரப்போக்கு நிற்கவில்லை. பி நெகட்டிவ். அதுவும் ஒரு மே மாதம்தான். என் மாப்பிள்ளையும் கொழுந்தனாரும் ராத்திரி பதினொரு மணியிலிருந்து ரத்த வங்கி ரத்த வங்கியாக அலைந்தார்கள். விடியற்காலையில் முன்பின் தெரியாத ஒருவர் லுங்கியோடு வந்து கொடுத்தார். பெயர் கேட்டேன், “அதெல்லாம் எதுக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று பிறந்த பேரன்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை பந்தியில் சாம்பார் வாளி தூக்கினான். 18 வயது ஆகவில்லை என்பதால் அவனால் ரத்தம் கொடுக்க முடியவில்லை. செய்தியை முதலில் படித்தவனும் அவன்தான். “நாம குதூகலமாவா பாட்டி இருந்தோம்?” என்று கேட்டான்.

தங்கள் நிருபர் தம்பி சனிக்கிழமை மாலை வந்தார். மேடையில் பொன்னாடை போர்த்தியதைப் படம் எடுத்தார், விருந்தினர் பெயர்களைக் குறித்துக்கொண்டு போனார். பதவியோடு ஒருவர் பெயரும் விட்டுப்போகாமல் வந்திருக்கிறது. கட்டிலில் படுத்துக் கை நீட்டியவர்களில் ஒருவர் முகம்கூட வரவில்லை. நாதஸ்வரக்காரர், தவில்காரர் பெயரும் இல்லை, “மங்கல இசை முழங்க” என்பதோடு சரி. டிசம்பரில் சென்னைக் கச்சேரிகளுக்குத் தாங்கள் அரைப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், பக்கவாத்தியம் வரை பெயர் போடுகிறீர்கள். நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்துக்காக ஊர் ஊராக நடந்துபோனவர் என் அப்பா. 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தாங்களும் பெருமையாக வெளியிட்டீர்கள். ஆச்சா மரத்தில் கடைந்த அந்தக் குழலுக்குப் பெயர் உண்டு, அதை ஊதுகிறவருக்குக் கிடையாதா?

அந்தத் தவில்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தவில் அடிக்க விரல்களில் கூடு மாட்டுவதற்கு முன்பே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்துவிட்டார். ரத்தம் கொடுத்த கையால் மூன்று மணி நேரம் தவில் அடிக்கக் கூடாது என்று மருத்துவர் எழுப்பி அனுப்பினார். ஞாயிறு காலை ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன் மறக்காமல் வந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்போது அங்கே தங்கள் நிருபர் இல்லை.

இருந்திருந்தால் இன்னொன்றையும் பார்த்திருப்பார். ஆசையாக வந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஹீமோகுளோபின் 12.5 வேண்டும், அவர்களுக்குப் பத்தும் பதினொன்றும்தான் இருந்தது. என் மருமகளும் அதில் ஒருத்தி. காலையிலிருந்து இட்லிப் பானையோடு நின்றவள், தன் அளவைக் கேட்டதும் மண்டபத்துத் தூண் மறைவில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடுகிற பெண்களின் நிலைமை ஒரே காலையில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோனது. எழுத வேண்டிய செய்தி அதுதான் ஐயா.

மூன்று வருடத்துக்கு முன் முகாம் அறிவிப்பை நானே தங்கள் உள்ளூர் அலுவலகப் படியேறிக் கொடுத்தேன். முகாம் முடிந்து இரண்டாம் நாள் “நடைபெற உள்ளது” என்று வந்தது. அதை நம்பி வலங்கைமானிலிருந்து இரண்டு பையன்கள் பைக்கில் வந்து, பூட்டிய மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்போது நான் எதுவும் எழுதவில்லை. போன வருடம் ‘தானம்’ என்ற சொல்லுக்கு ‘தாணம்’ என்று தலைப்பு வந்தபோதும் எழுதவில்லை. இம்முறை பேரன் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். அந்தக் கணக்கில் அடுத்த முகாமைச் செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறோம். திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் அதற்குள் முருங்கைக்கீரையும் மாத்திரையும் சாப்பிட்டுத் தயாராகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். முகாமுக்கு முந்தின நாள், சனிக்கிழமை இதழில், ‘இன்றும் நாளையும்’ பகுதியில் நான்கு வரி போடுங்கள். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாமல் இருப்பவர்கள் காலையில் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று இருந்தால் போதும். விருந்தினர் பெயர் ஒன்றும் வேண்டாம். அறிவிப்பைப் பத்து நாள் முன்பாகவே நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
கும்பகோணம்