சகேயு திருப்பிக் கொடுத்த பணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபைகளில் சாட்சி சொல்லும் வேளைகளில் நோய் நீங்கியதையும் வேலை கிடைத்ததையும் நன்றியோடு அறிவிக்கிறோம். அதில் தவறேதும் இல்லை. ஆனால், ஏமாற்றி வாங்கிய பணத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று ஒருவர் எழுந்து சொல்லக் கேட்பது அரிது. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வரும் சகேயுவின் சாட்சியோ முழுக்க முழுக்க அப்படிப்பட்டதுதான். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துவதாகவும் வரி வசூலிக்கும் ஆயக்காரரின் தலைவனான அவன் எல்லோர் முன்பாகவும் சொன்னான். தன் குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பதே பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின் விதி. சகேயுவோ, ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கும் விற்றவனுக்கும் யாத்திராகமம் விதித்த நான்கு மடங்கைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டான். எவ்வளவு கீழ்ப்படிந்தால் போதும் என்று அவன் கணக்குப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் கணக்குப் பார்ப்பதே அவன் தொழில்.

கிரியைகளினால் அல்ல, விசுவாசத்தினாலேயே நீதிமான்களாக்கப்படுகிறோம் என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியிருக்க, செயலை இவ்வளவு வலியுறுத்துவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் சகேயு ஒரு காசைக்கூடத் திருப்பிக் கொடுக்கும் முன்னரே, தம்மைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறியிருந்த அவனை இயேசு பேர் சொல்லி அழைத்து, அவன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லிவிட்டார். கிருபை முந்திக்கொண்டது, கடன் தீர்த்தது அதற்குப் பின் வந்தது. அதே பவுல்தான் கலாத்தியருக்கு எழுதும்போது, அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும் என்கிறார்.

பொதுவாக எல்லோரிடத்திலும் அன்பாயிருப்பதாகச் சொல்வது எளிது. நம் மேல் குறை வைத்திருக்கும் குறிப்பிட்ட ஒருவரின் வாசற்படியில் போய் நிற்பதுதான் கடினம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கம் கட்டளையிடுகிறது. வேலையாளின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு அதிலிருந்தே காணிக்கை படைக்கிறவர்கள், அந்தக் கூலி கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களுடைய கூக்குரல் கர்த்தருடைய செவிகளில் பட்டது என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதியிருப்பதை எப்படித்தான் கடந்துபோகிறார்களோ!

திருவிருந்துக்கு ஆயத்தப்படும் வாரத்தில், யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்கும்படி போதகர்கள் சபையாரைக் கேட்டுக்கொள்ளலாம். அப்படிக் கொடுக்கவும் மன்னிப்புக் கேட்கவும் போனதன் காரணமாகச் சிலர் ஆராதனைக்குத் தாமதமாக வந்தால் அவர்களைக் கடிந்துகொள்ளவும் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்