பெரிய மார்க்கெட் தெருக்களின் முகப்புக்கும் பணம் ஒதுக்குங்கள்

புதுச்சேரியில் நகர அமைப்பையும் பாரம்பரியக் கட்டடங்களையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்கள் ஒன்றில், பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாடகைக்குக் கடை நடத்துகிறேன். நேரு வீதி, காந்தி வீதி, ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் இருக்கும் பழைய கடைக் கட்டடங்களின் முகப்பைச் சீரமைக்க அரசு மானியம் தர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். அந்த மானியத்தை எப்படித் தரக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கட்டடங்கள் இப்படிக் கிடப்பதற்குக் காரணம் வியாபாரிகளுக்கு ரசனை இல்லாததுதான் என்று ஒரு பேச்சு உண்டு. ரசனை இருந்து என்ன செய்ய? கட்டடம் தாத்தா பேரில் இருக்கும். பாகப்பிரிவினை நடந்திருக்காது. வாரிசுகளில் இரண்டு பேர் சென்னையில், ஒருவர் பிரான்ஸில். எப்போதோ பேசிய வாடகையை ஆளுக்கு ஆள் பிரித்தால் மாத மளிகைக்குக்கூடத் தேறாது. அவர்கள் எதற்காகச் சாரம் கட்டிப் பூச்சு வேலை பார்க்கப் போகிறார்கள்? கடைக்காரன் கைக்காசைப் போட்டுச் செய்தாலோ, அடுத்த வருடம் வாடகை ஏறும், இல்லாவிட்டால் காலி செய்யச் சொல்வார்கள். தெருவில் போகிற எல்லோரும் பார்க்கிற சுவர்தான், ஆனால் அதற்குச் செலவு செய்ய யாருக்கும் காரணம் இல்லை. பொதுப்பணம் வர வேண்டிய இடம் இதுதான் என்கிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது, எதிர்க் கட்டடத்தின் ஃப்ளெக்ஸ் போர்டு கிழிந்து விழுந்தது. பின்னால் மூன்று ஜன்னல்கள். சாய்வுப் பலகை வைத்த மரக் கதவுகள், மேலே சுதையில் வளைவு, இரண்டு ஜன்னலுக்கு நடுவே சுவரோடு ஒட்டிய அரைத்தூண். கீழே தமிழ்க்கட்டு, மேலே பிரெஞ்சுக்கட்டு என்று இந்த ஊரில் வளர்ந்த ஒரு பாணி. அரைத்தூணின் தலையில் போர்டுச் சட்டத்துக்காக ட்ரில் போட்ட ஓட்டைகள், அவற்றிலிருந்து துரு ஒழுகிய கோடுகள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று. சில வாரங்களில் புது போர்டு வந்து எல்லாவற்றையும் மூடியது. பழையதைவிடப் பெரிய போர்டு.

ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளைக்காரத் தெருக்கள் பளிச்சென்று இருப்பதில் எனக்குப் பொறாமை இல்லை. அங்கே கட்டடத்தைப் பேணினால் ஓட்டலாகவோ கஃபேயாகவோ காசு திரும்பி வருகிறது. மேற்கே தமிழர் பகுதியிலும் செய்யலாம் என்பதை வைசியாள் வீதி காட்டிவிட்டது. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பாரம்பரியத்தைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று, அந்தத் தெருவில் வரிசையாக வீடுகளின் முகப்பைச் சீரமைத்தது. உடைந்து கிடந்த தாழ்வாரங்கள் திரும்பி வந்தன. வீட்டுக்காரர்களும் தங்கள் பங்கைப் போட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. ஆனால் அது குடியிருப்புத் தெரு. திண்ணைக்குச் சொந்தக்காரர் உள்ளேயே இருக்கிறார். கடைத்தெருவில் அந்த வசதி இல்லை. அதனால் அதே திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வேலைக்கு ஆகாது.

செலவு அதிகம் என்பீர்கள். 2014 நவம்பர் 29 அன்று மழையில் பிரெஞ்சுக்கால நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடற்கரையில் நின்ற கட்டடம். பிறகு உலக வங்கிப் பணத்தில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தோம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் இறங்கத் தொடங்கிய காலத்திலேயே பார்த்திருந்தால் அந்தப் பணத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

தண்ணீர் என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முகப்பு மானியம் என்றால் தெருவைப் பார்த்த சுவருக்குப் பெயிண்ட் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கட்டடங்கள் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் கூரை. மர உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்தது. மாடியின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஈரம் முதலில் இறங்குவது உத்திரத்தின் நுனி சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில்தான். அங்கே மரம் உளுத்துப் போனால் கூரை இறங்கும், கூரை இறங்கினால் முகப்பும் சாயும். மேலே அதைச் சரிசெய்யாமல் கீழே மஞ்சள் அடித்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது.

சிமென்ட்டையும் அனுமதிக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெயிலில் திரும்ப விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரமும் கடற்காற்றின் உப்பும் உள்ளேயே தங்கி, பூச்சைப் பொரிபொரியாகத் தள்ளிவிடும். சுண்ணாம்பு அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இந்தத் தெருக்களில் தொடர்ந்து வேலை இருக்கிறது என்றால் அவர்கள் பையன்களும் கரண்டி பிடிப்பார்கள்.

இனி பயம் ஒன்று. மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனில் நம்மவர் கடைகள் நிறைந்த தெருக்கள் உண்டு. அஞ்சடி என்று நம்மவர்கள் சொல்லும் நடைபாதை வைத்த கடைவீடுகள். அங்கே வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முழுமையாக நீங்கியதும் பழைய குடித்தனக்காரர்களும் சிறு தொழில்காரர்களும் பெருமளவில் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் இடம்பெற்றது. 2009-இல் திங்க் சிட்டி என்ற அமைப்பு 2 கோடி ரிங்கிட் நிதியோடு வந்து கட்டடங்களைச் சீரமைக்க மானியம் கொடுத்தது. பல கட்டடங்கள் பிழைத்தன, நல்ல வேலைதான். ஆனால் பாதுகாப்பு இல்லாமல் போன வாடகைதாரர்களை எந்த மானியமும் திருப்பிக் கொண்டுவரவில்லை. சுவர் அழகாகி, உள்ளே பாத்திரக்கடை போய் இன்னொரு காபிக்கடை வருவதற்கு மக்கள் வரிப்பணம் எதற்கு?

ஆகவே மானியத்தை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். பணம் வாங்குகிற உரிமையாளர், இருக்கிற கடைக்காரரை ஐந்து வருடமாவது காலி செய்யச் சொல்லக்கூடாது. வாடகை ஏற்றத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். கடைக்காரரும் விண்ணப்பிக்க வழி வேண்டும். வாரிசுகள் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும் என்றால் ஒரு கட்டடமும் தேறாது, பெரும்பான்மைப் பங்குதாரர் கையெழுத்து போதும் என்று வைக்க முடியுமா என்று சட்டத் துறையைக் கேளுங்கள். கடைசித் தவணையை ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்து, ஒழுகவில்லை என்று பார்த்த பிறகே கொடுங்கள். போர்டுக்கும் அளவு வேண்டும், ஜன்னலை மூடுகிற ஏசிபி ஷீட்டுக்கு (அலுமினியம் பூசிய பலகைக்கு) இடமே கொடுக்காதீர்கள். என் சங்கத்துக்காரர்கள் சிலருக்கு இது பிடிக்காது, எனக்குத் தெரியும். என் போர்டும் சிறிதாகத்தான் ஆக வேண்டும், சரி, ஆகட்டும்.

எல்லாத் தெருவையும் ஒரே நேரத்தில் தோண்டிப் போடவும் வேண்டாம். ஒரு பத்துக் கட்டடம் எடுத்துப் பொங்கல் முடிந்ததும் சாரம் கட்டுங்கள், ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் பிரித்துவிடுங்கள். தீபாவளிச் சமயத்தில் கடை வாசலில் சாரம் நின்றால் அந்த வருடமே போச்சு, அதற்குப் பிறகு எந்தக் கடைக்காரனும் உங்கள் பக்கம் வரமாட்டான். எங்களைக் கூப்பிட்டுப் பேசுவதாக இருந்தால் வார நாளில் மதியம் மூன்று மணி வசதி. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று காந்தி வீதி முழுக்கச் சண்டே மார்க்கெட், உங்கள் வண்டி உள்ளே நுழையாது.

இப்படிக்கு,
பெரிய மார்க்கெட் பக்கத்துக் கடைக்காரன் ஒருவன்