மாணவர் பக்கத்தில் வந்த தவறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார மாணவர் பக்கத்தில் விமானம் பறப்பது எப்படி என்று போட்டிருந்தீர்கள். இறக்கைக்கு மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் ஒரே நேரத்தில் பின்முனையில் சேர வேண்டுமாம், அதனால்தான் மேல்காற்று வேகமாக ஓடுகிறதாம். மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பது சரி. ஆனால் பிரிந்த காற்று திரும்பச் சேர வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது, மேல்காற்று முன்னதாகவே பின்முனைக்கு வந்துவிடுகிறது. இது உங்களுக்குத் தெரியாததா? பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் நீங்கள் போட்டதைத்தானே பரீட்சையில் எழுதுவாள்?

நான் 18 வருடமாகக் கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கம் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கிறவன். படிப்பு ஐ.டி.ஐ.யோடு சரி. ஆனால் வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று பெர்னௌலி என்ற விஞ்ஞானி 1738-இல் புத்தகமாகப் போட்டதை வாழைத் தோப்பில் நின்று கண்ணால் பார்க்கிறேன். மெயின் லைன் வால்வை மெல்ல மெல்ல மூடினால் பக்கத்தில் இருக்கும் வெஞ்சுரி என்ற உரம் இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் பாயும். அதன் நடுப்பகுதி குறுகல். விட்டம் பாதியானால் வேகம் 4 மடங்கு. அங்கே அழுத்தம் வெளிக்காற்றுக்கும் கீழே இறங்கிவிட, பக்கெட்டில் கரைத்து வைத்த யூரியா சின்ன டியூபில் விரற்கடை விரற்கடையாக ஏறி உள்ளே போகும். வால்வைத் திறந்துவிட்டால் ஏறுவது நின்றுவிடும்.

வேகமாக ஓடும் தண்ணீர் வெளியேதானே பீய்ச்ச வேண்டும், எப்படி உள்ளே இழுக்கிறது என்று தோப்புக்காரர்கள் கேட்பார்கள். குறுகலுக்குள் நுழையும் தண்ணீர் வேகம் பிடிக்க ஏதாவது தள்ள வேண்டும் அல்லவா, பின்னால் அழுத்தம் அதிகம், முன்னால் குறைவு, அந்த வித்தியாசம்தான் தள்ளுகிறது என்பேன். புரிந்துகொள்கிறார்கள். இதை எழுத உங்கள் பக்கத்தில் நாலு வரி இடம் இல்லையா?

இது முதல் தடவையும் இல்லை. ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் வெளியே பாயும் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது என்று போன வருடம் எழுதினீர்கள். அழுத்தம் கூடுவது விரலுக்கு உள்பக்கம். வெளியே வந்த தண்ணீருக்குக் கூடியது வேகம் மட்டும்தான். அப்போதே கடிதம் போட்டேன், பதில் இல்லை. குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணையைத் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்த்து அச்சிட்டபோதும் எழுதினேன், 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தும் குடியாத்தம் வேலூரிலேயே இருக்கிறது என்று. அதற்கும் பதில் இல்லை. வேலூர் என்றால் வெயில் செய்தி மட்டும் தவறாமல் வருகிறது. அப்பா காலத்திலிருந்து வாங்கும் பேப்பர் என்பதால்தான் இவ்வளவு வருத்தம்.

மகளிடம் இது தப்பும்மா என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்காங்களேப்பா" என்கிறாள்.

அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். மூன்று வரி போதும். வெட்டி அவள் நோட்டில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
சொட்டுநீர்க் குழாய் பொருத்துபவர்,
கே.வி.குப்பம், வேலூர் மாவட்டம்.