கலாவுக்கு, பழைய படங்களை முன்னிட்டு

அன்புள்ள கலா,

போனில் சொன்னால் பாதியில் "குக்கர் விசில் வந்துடுச்சு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வித்தை செல்லாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சமையலில் இருக்கும் குறையெல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. கொய்யாக்கா வாத்தியாரைச் செவ்வாய்ப்பேட்டையில் பார்த்தேன். உன்னைத்தான் முதலில் விசாரித்தார், வழக்கம்போல் பெயரை மாற்றிச் சொல்லி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏற்காட்டு ஆர்க்கிடுகளைத் தேடி ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோது உன் பழைய கணக்கு அகப்பட்டது. தாவரவியல் ஆய்வகத்து ஆர்க்கிடேரியத்தில் என்னைக் குடைபிடிக்க நிறுத்திவிட்டு எடுத்தாயே, அந்தப் பூக்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பகோடா பாயின்ட், கிளியூர் அருவி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, சேர்வராயன் கோவில் திருவிழாக் கடைகள். சந்தோஷமாக ஒவ்வொன்றாகத் திறந்தேன். உரிமம் என்று போட்டிருக்கும் இடத்துக்கு வந்ததும் உன்னை நன்றாகத் திட்டினேன். எல்லாவற்றிலும் 'வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றம் கூடாது'. பூட்டுக்கு மேல் பூட்டு!

ரிட்டையர் ஆனபின் நான் கம்ப்யூட்டரில் என்னதான் செய்கிறேன் என்று கேட்டாயே, இதுதான். விக்கிமீடியா பொதுவகம் என்று ஒரு படக்களஞ்சியம், 2004-இல் தொடங்கியது. இப்போது பத்துக் கோடிக்கு மேல் கோப்புகள். விக்கிப்பீடியாவில் நீ பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை அங்கே இருப்பவைதான். ஃபிளிக்கரில் யாராவது தாராள உரிமத்தில் போட்ட படத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. பதிவேற்றும் பக்கத்தில் படத்தின் சுட்டியை ஒட்டினால் படம், எடுத்தவர் பெயர், தேதி எல்லாம் தானாக வந்துவிடும். ஆனால் பெயர் சொல்லிப் பயன்படுத்து, அல்லது பெயர் சொல்லி அதே உரிமத்தில் பகிர் என்ற அளவில்தான் நிபந்தனை இருக்கலாம். உன்னுடையது போலிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஏற்றியபின் ஒரு தானியங்கி நிரல் ஃபிளிக்கருக்குப் போய், அங்கே உண்மையிலேயே அந்த உரிமம் இருக்கிறதா என்று பார்த்து, இன்ன தேதியில் சரிபார்த்தேன் என்று முத்திரை போடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த முத்திரைதான். இந்த உரிமங்களுக்கெல்லாம், உன் பூட்டையும் சேர்த்து, கிரியேட்டிவ் காமன்ஸ் என்று பெயர். அதைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. ஆனால் ஃபிளிக்கரில் யாரும் எப்போது வேண்டுமானாலும் அமைப்பை மாற்றலாம், கணக்கையே மூடலாம். அன்றைக்கு இப்படித்தான் இருந்தது என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகவும் முடியாது. இணையத்தில் கிடைத்ததை எல்லாம் தன் படம் என்று போட்டுத் தாராள உரிமம் கொடுக்கும் புண்ணியவான்கள் நிறைய. ஒரே ஆள் இன்றைக்கு ஒரு கேமரா, நாளைக்கு வேறு கேமரா, எல்லாம் தபால்தலை அளவில் என்றால் நான் தொடுவதில்லை. நம் சேலத்துப் பழைய சினிமா ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவை எடுத்த படம் இருந்தால் தாராளமாகப் போடலாம். கட்டடம், பொது இடத்துச் சிலை இவற்றைப் படம் எடுக்க நம் சட்டம் விடுகிறது. சுவரில் வரைந்த ஓவியத்துக்கும் சினிமா பேனருக்கும் அந்தச் சலுகை கிடையாது, அது வரைந்தவர் சொத்து. வாசுகி இதைக் கேட்டுவிட்டு, "நீ வக்கீலுக்குப் படித்திருக்கலாம்" என்றாள். அவள் பேச்சை விடு.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான் வருகிறது. வெளியூர்க்காரர்கள் எடுத்த படங்களுக்குத் தலைப்பு வெறும் 'மலை' அல்லது கேமரா கொடுத்த நம்பர். ஒருவர் ஏற்காட்டு லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து எடுத்த சேலத்தை ஊட்டிப் பட்டியலில் சேர்த்திருந்தார். கீழே வெள்ளை வெளேரென்று மேக்னசைட் சுரங்கம் தெரிகிறதம்மா! ஊட்டிக்கு ஏது மேக்னசைட்? கொண்டை ஊசி வளைவின் நம்பர் பலகை, ஏரியில் படகுத்துறை எந்தப் பக்கம் என்று பார்த்து இடத்தைச் சொல்ல நம் ஊர்க்காரி ஒருத்தி வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் இருக்கும் திமிரை நீ நேரில் பார்த்தால் சிரிப்பாய்.

இப்போது உன் பஞ்சாயத்து. ஏன் அப்படி உரிமம் வைத்தாய் என்று எனக்குத் தெரியும். அந்த விடுதிக்காரன் உன் ஏரிப் படத்தைக் கேட்காமல் எடுத்து, பெயரை வெட்டிவிட்டுக் காலண்டர் போட்டான். நீ அதை என் வீட்டுச் சுவரிலேயே பார்த்தாய். அந்தக் கோபம் நியாயம். ஆனால் கலா, அவன் உரிமத்தைப் படித்துவிட்டா எடுத்தான்? அவனை உன் பூட்டு தடுக்கவில்லை. படித்துப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிப் போகிறவர்களைத்தான் தடுக்கிறது. ஏற்காட்டைப் பற்றி ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகம் போட்டால், அதற்கு இருபது ரூபாய் விலை வைத்தாலும் வணிகம்தான். உன் படம் அவர்களுக்குக் கிடையாது. பெயர் சொல்லும் உரிமம் வைத்தால் நாளைக்கு விடுதிக்காரனும் உன் பெயரைப் போட்டுக் காசில்லாமல் அச்சடிக்கலாம், அது உண்மை. அதை மறைத்து உன்னைச் சம்மதிக்க வைக்க மாட்டேன். மனசு வராத படங்களை அப்படியே வைத்துக்கொள். உரிமம் படத்துக்குப் படம் தனித்தனிதான்.

ஃபிளிக்கரிலேயே இருந்தால் என்ன என்பாய். பானராமியோ ஞாபகம் இருக்கிறதா? கூகுள் எர்த்தில் மலை மேல் சின்னச் சின்னப் படங்களாகத் தெரியுமே. 2016-இல் மூடினார்கள். ஃபிளிக்கரும் யாஹூவிடம் போய், 2018-இல் ஸ்மக்மக் என்ற நிறுவனத்திடம் கைமாறி, இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று அந்த வருஷமே அறிவித்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களை மட்டும் அழிக்காமல் காப்பாற்றினார்கள். உன் படங்கள் தப்பியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அடுத்த முதலாளியும் அப்படி நினைப்பான் என்று நம்பி உட்கார எனக்கு முடியவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் ஜெயாக்கா.

அவள் கணக்கையும் பார்த்தேன். சேலம் ஐந்து ரோட்டில் மேம்பாலம் வருவதற்கு முன் இருந்த வானம், திருப்பணிக்கு முந்தைய கோட்டை மாரியம்மன் கோவில், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை. இனி யாரும் போய் எடுக்க முடியாத படங்கள். எல்லாவற்றுக்கும் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை'. அவள் வேண்டுமென்று வைத்ததல்ல. கணக்குத் தொடங்கும்போது தானாக வருவது அதுதான், அவள் மாற்றவில்லை. கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே மாற்றியிருப்பாள். சட்டப்படி எடுத்தவர் போனபின் 60 வருஷம் காத்திருக்க வேண்டும். ஜெயாக்கா போனது 2021. கணக்குப் போட்டால் 2081 முடிய வேண்டும். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிவிட்டு அன்றைக்கு வேறு எதுவும் செய்யவில்லை.

வழி ஒன்று இருக்கிறது. இப்போது உரிமையாளர் அவள் வாரிசு. இந்தப் படங்களை இந்த உரிமத்தில் தருகிறேன் என்று பையன் பொதுவகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், அங்குள்ள தன்னார்வலர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொள்வார்கள். என்னிடம் அவன் பேசமாட்டான், துக்கத்துக்குப் போனபோது நான் அழுத அழுகையில் பயந்துவிட்டான். உன்னிடம் பேசுவான். மெதுவாகக் கேள். உடனே சம்மதம் சொல்ல வேண்டாம், அம்மா படங்களைத் தானே ஒருமுறை பார்க்கட்டும் என்று சொல். வீட்டு ஆட்கள் முகம் தெரியும் படங்களை அவனே ஒதுக்கட்டும்.

உன் வேலை அதைவிடச் சுலபம். ஃபிளிக்கரில் ஆர்கனைசர் என்று இருக்கும். அதில் வேண்டிய படங்களைக் கீழே இழுத்துப் போட்டு உரிமத்தை மொத்தமாக மாற்றிவிடலாம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்காதே. அது அநேகமாக உன் ஹாஸ்டல் ரூம் நம்பர்தான், முதலில் அதைப் போட்டுப் பார்.

மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு வருகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே, மலை ஏறவே அரைநாள் ஆகிறது. மழைக்கு அப்புறம் வா.

அன்புடன்,
சுகந்தி

பி.கு.: அந்த ஊதா ஆர்க்கிடுக்கு நீ எழுதியிருக்கும் பெயர் தப்பு என்று நினைக்கிறேன். சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.