சோழி உருட்டுபவன் எழுதும் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பங்குச்சந்தைப் பகுதியில், "வீட்டிலேயே இண்டிகேட்டர் தயாரிப்பவர்கள் சோழி உருட்டுகிறார்கள்" என்று உங்கள் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். இண்டிகேட்டர் என்பது விலையின் போக்கைக் காட்டக் கணக்குப் போட்டு வரையும் கோடு. சரி. அதே இதழில் நாலு பக்கம் தள்ளி, ரிஷப ராசிக்காரர்களுக்கு இந்த வாரம் பங்கு வர்த்தகத்தில் லாபம் என்று போட்டிருக்கிறீர்கள். நான் ரிஷபம். அந்த வாரம் எனக்கு நஷ்டம். சோழி யார் வீட்டில் உருள்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இருபது வருஷத்துக்கும் மேலாக கிராஃப் தாளில் கோடு போட்டு வருகிறேன். ஒரு நாளின் அதிகபட்ச விலைக்கும் குறைந்தபட்ச விலைக்கும் நடுவே முடிவு விலை எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். உச்சியில் நின்றால் கூட்டல் 1, அடியில் நின்றால் கழித்தல் 1, சரிபாதியில் பூஜ்யம். அதை அன்றைய வால்யூமால், அதாவது அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி, 20 நாளுக்குக் கூட்டி, அந்த 20 நாளின் மொத்த வால்யூமால் வகுத்தால் என் கோடு. விலை ஏறும்போது இது இறங்கினால், யாரோ சத்தமில்லாமல் விற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். காலையிலேயே அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏற அனுமதித்த உச்சவரம்பில், பூட்டிக்கொண்ட பங்குக்கு இது உதவாது. அதிகபட்சமும் குறைந்தபட்சமும் ஒன்றாகி, அவற்றின் வித்தியாசத்தால் வகுக்குமிடத்தில் பூஜ்யம் வந்துவிடும். இதெல்லாம் சோழியில் வருமா?

மார்க் சைக்கின் என்ற அமெரிக்கர் இதை எப்போதோ செய்துவிட்டார் என்று பிற்பாடு பேரன் சொன்னான். எனக்கு வெட்கமாக இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

உங்கள் கட்டுரையாளர் வாரம் தவறாமல் மேற்கோள் காட்டும் ஆர்.எஸ்.ஐ. என்ற இண்டிகேட்டர் மட்டும் ஆகாயத்திலிருந்தா குதித்தது? 1978-இல் அதைக் கொடுத்த வெல்ஸ் வைல்டர் படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். ஜப்பானின் இச்சிமோக்கு என்ற இண்டிகேட்டரை உண்டாக்கிய கொய்ச்சி ஹொசோடா, உங்களைப் போல ஒரு பத்திரிகைக்காரர்.

என் கோடு தப்பாததல்ல. 2024 ஜூன் 3 அன்று, நான் வைத்திருந்த பங்குகளில் பாதிக்கு அது குஷியாக மேலே நின்றது. மறுநாள் தேர்தல் முடிவு, பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. அதையும் அதே தாளில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறேன். நீங்கள் சிபாரிசு செய்து கவிழ்ந்த பங்குகளை எந்த மையால் குறிக்கிறீர்கள்?

பழசைக் கிளறக் கூடாதுதான். ஆனாலும், முன்பு நீங்கள் போட்டுவந்த வாராந்தர விலை அட்டவணையில் ஒருமுறை எக்ஸ்-போனஸ் குறி, அதாவது போனஸ் பங்குக்காக விலை குறைந்திருக்கிறது என்ற அடையாளம், விட்டுப்போயிற்று. பாதி விலைக்கு வந்துவிட்டதே என்று பதறி விற்றேன். பத்து நாள் கழித்து போனஸ் பங்கு என் டீமேட் கணக்கில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அது பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். "அட்டவணை மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று ஒரே வரியாக்கிப் போட்டீர்கள். அப்புறம் அட்டவணையையே நிறுத்திவிட்டீர்கள்.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனும் எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டதாக 2024-இல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்னதையும் உங்கள் கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கிறார். அந்த 93 பேரும் வீட்டில் கோடு போட்டுத்தான் தோற்றார்களா? டிப்ஸ் கேட்டுத் தோற்றவர் ஒருவர்கூடக் கிடையாதா? அந்தக் கணக்கை அவர் போடவில்லை.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். கட்டுரையோடு தபால்தலை அளவில் ஒரு சார்ட் போடுகிறீர்களே, அதில் தேதியும் விலை அளவும் கண்ணுக்குத் தெரியும்படி அச்சிடுங்கள். போனஸ், ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது) கழித்த விலையா இல்லையா என்று கீழே ஒரு வரி சேருங்கள். எனக்கு வயது 71. பூதக்கண்ணாடி ஏற்கெனவே வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
காரைக்குடி